அலுமாரித் திறப்பைக் கொஞ்சம் தாருங்கள்

யாழ்ப்பாணத்து ஊர்களில் வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் நடத்தி வரும் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வலிகாமத்தில் ஒரு ஊரில் 22 வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன ஐப்பசி தொடக்கம் எங்கள் வாசிகசாலையில் ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குப் பத்துப் பேர் கூடி ஒரு நாவல் வாசித்து வந்தோம். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு போனால் கேற் பூட்டியிருக்கிறது. செயலாளர் தம்பிக்கு அழைத்தேன். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. கொமிற்றியில கதைச்சவை. காதல் கதை வாசிக்க வாசிகசாலை எதுக்கெண்டு கேக்கினம். அந்த நேரம் புலமைப்பரிசில் வகுப்பு வைக்கலாமாம்" என்றார். மூன்று மாதம் போய்விட்டது. வகுப்புத் தொடங்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் கேற் மட்டும் பூட்டியபடி இருக்கிறது.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். நாளைக்கும் அவர்களின் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்ப் பந்தியில் இருக்க வேண்டியவள் நான். தவிரவும் இது ஒரு ஊரின் கதை அல்ல. மேசையில் பேப்பரையும் மூலையில் கரம்போர்டையும் விட்டுவிட்டு, நாவல்களை மட்டும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி, திறப்பு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கிற வாசிகசாலைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் வாசித்தது ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. 1813 தை மாதம் 28ஆம் திகதி இலண்டனில் மூன்று தொகுதிகளாக, எழுதியவரின் பெயரே இல்லாமல் வெளிவந்த நாவல். தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று முதல் நாளே ஒரு சண்டை. 'செருக்கும் முற்சாய்வும்' என்று நான் பண்டிதத்தனமாக ஒன்று சொன்னேன். எங்கள் கூட்டத்தில் ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தடிப்பும் தப்பபிப்பிராயமும் எண்டு வைப்பம் ரீச்சர்" என்றார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

இது தொடங்கியதே ஒரு பிள்ளையால்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்த மாணவி. இந்த நாவலை வைத்து 2005இல் வந்த படத்தின் ஒரு துண்டைப் போனில் பார்த்திருக்கிறாள். கதாநாயகி எலிசபெத் வண்டியில் ஏறக் கைகொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும் கதாநாயகன் டார்சி, தொட்ட கையின் விரல்களை ஒருதரம் விரித்து மூடுகிறான். சில விநாடிதான். அதை எத்தனை முறை பார்த்தாளோ தெரியாது. "ரீச்சர், இது புத்தகத்தில எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அது புத்தகத்தில் இல்லவே இல்லை என்றேன். நம்பவில்லை. நம்பாதவளை நம்பவைக்க ஒரே வழி வாசிக்க வைப்பது. காப்புரிமை முடிந்த நூல் என்பதால் போனில் இலவசமாக இறக்கிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் தன் ஒன்றுவிட்ட அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் அந்த அக்காவோடு வேலை செய்கிறவர் ஒருவர். இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு 18 வயதில் இந்த நாவல் பிடிக்கவில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா சைக்கிளில் இருந்த என் புத்தகப் பையை இறக்கிவிட்டு அரிசிப் பையை ஏற்றினார். இறக்கிய பைக்குள் இதுவும் இருந்தது. வேறு இரண்டு புத்தகங்களுக்காக அழுதேன், இதற்காக அழவில்லை. நடனமும் தேநீரும் மாப்பிள்ளைக் கதையுமாக ஒரு கூட்டம் சீமையில் பொழுது போக்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போது கொதிதான் வந்தது. நாற்பது கடந்து, நாலு கலியாணப் பேச்சுக்காலில் இருந்து எழும்பிய பிறகுதான் தெரிந்தது: இந்த மனுசி பொழுது போக்கவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறாள்.

முதல் அத்தியாயத்தை வாசித்த அன்று நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஐந்து பெண்பிள்ளைகள் உள்ள வீடு, எலிசபெத் இரண்டாவது. பக்கத்தில் இருக்கும் பெரிய வீட்டை ஒரு பணக்கார இளைஞன் வாடகைக்கு எடுத்திருக்கிறான் என்ற செய்தியோடு தாய் உள்ளே வருகிறாள். வருடத்துக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ வருமானம், கலியாணமாகாதவன். அவனை ஒருதரமும் கண்டதில்லை, ஆனால் எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கு அவன்தான் என்று மனதுக்குள் பந்தலே போட்டுவிட்டாள். தகப்பன் ஒன்றும் தெரியாதவர் போலப் பகிடி விடுகிறார். நான் இவ்வளவையும் தமிழில் சொல்லி முடிக்க, வந்திருந்த ஒரு அம்மா, "இது நல்லூர்க் கொடியேறினாப் பிறகு எங்கட ஒழுங்கையில நடக்கிறதுதானே" என்றார்.

அதுதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கும் கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் பெடியன்கள் வந்து இறங்குவார்கள். யாருக்கு விசா இருக்கிறது, யாருக்குச் சொந்த வீடு, யாருடைய குறிப்பு எங்கே போயிருக்கிறது என்று தேர் அசைய முன்னமே ஊருக்குத் தெரிந்துவிடும். 200 வருடத்துக்கு முந்திய ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வாடகைக்கு வந்த பிங்லி என்ற பெடியனை எங்கள் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்ள ஐந்து நிமிடம் எடுத்தது.

அடுத்தது காசு. டார்சிக்கு வருடத்துக்கு 10,000 பவுண் வருமானம் என்று வாசித்ததும், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா கையைத் தூக்கினார். "பவுண் எண்டால் காசோ, நகையோ?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது அப்படிச் சிரிக்கிற கேள்வி அல்ல. ஆஸ்டின் இறந்த அதே 1817இல்தான் இங்கிலாந்து புது சவரின் நாணயத்தை வெளியிட்டது. ஒரு பவுண் பெறுமதி, ஏறத்தாழ 8 கிராம் பொன். நாங்கள் தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்கிறோமே, அந்தக் கணக்கு வந்த வழி அதுதான். ஆகப் போஸ்ட்மாஸ்டர் ஐயா கேட்டதில் காசும் நகையும் ஒன்றுதான். அடுத்த கிழமை இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காதல் கதை என்று சொன்னவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நாவலில் ஒவ்வொரு ஆளும் உள்ளே வரும்போதே அவரின் வருமானமும் கூட வருகிறது. தகப்பன் பெனற்றுக்கு வருடம் 2,000. ஆனால் அவருடைய வளவு ஆண்வாரிசுக்கு மட்டுமே போகும்படி முன்னமே கட்டி எழுதப்பட்டது. ஐந்தும் பெண்ணாய்ப் போனதால், அவர் கண்ணை மூடினால் வீடும் காணியும் தூரத்துச் சொந்தக்காரனான கொலின்ஸுக்கு. தாயையும் பிள்ளைகளையும் அவன் விரும்பிய நாளில் வெளியே அனுப்பலாம். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு ஞாயிறு முழுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு இது தலைகீழ். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். "அப்ப அந்த வெள்ளைக்காரச் சனத்துக்குப் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்கிற பழக்கமே இல்லையோ?" என்று அந்த அம்மா கேட்ட குரலில் ஒரு பெருமையும் இருந்தது.

பெருமை அதிக நேரம் நிலைக்கவில்லை. பேச்சு யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்குப் போனது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி (திசாவை) தொகுத்து, 12 முதலியார்மார் பார்த்துச் சரி என்று சொன்ன சட்டம். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்ற மூன்று சொல்லும் இன்றைக்கும் எங்கள் காணி உறுதிகளில் உயிரோடு இருக்கின்றன. சீதனம் பெண்ணுடையது, சரி. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்த அம்மா அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர். "எனக்குச் சீதனமாத் தந்த வீடுதான். அவர் வெளிநாடு போய் 19 வருசம். கையெழுத்துக்கு ஆளைத் தேடி எங்க போறது?" என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வங்கியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, நீதிமன்றத்தில் கேட்கலாம் அம்மா, அதற்கு வழி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். கூட்டம் முடிந்து அவர்கள் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கதைத்தபடி போனார்கள்.

இந்த ஊரில் 22 வருடமாக இருக்கிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்குப் பல தடவை போயிருக்கிறேன். இந்தக் கதை எனக்குத் தெரியாது.

கொலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும் அத்தியாயத்தை நீங்களும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். மனுசன் கலியாணம் முடிப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். காதல் கடைசியில்தான் வருகிறது. பிறகு, உமக்குத் தாயின் காலத்துக்குப் பிறகு கிடைக்கப்போவது 4 வீத வட்டியில் கிடக்கிற 1,000 பவுண் மட்டும்தான், ஆனால் அதைப் பற்றி நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன் என்கிறார். "எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டே வீட்டின் சுவரை விரலால் தட்டிப் பார்க்கிற சம்பந்தியை எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் கண்டுவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னது அவராகவும் இருக்கலாம்.

எலிசபெத் மாட்டேன் என்றதும், மூன்று நாளுக்குள் அவளின் சிநேகிதி சார்லொட் அதே கொலின்ஸுக்குச் சம்மதம் சொல்கிறாள். வயது 27. சொத்து இல்லை, வடிவு என்று யாரும் சொன்னதில்லை. தனக்கு ஒரு வசதியான வீடு போதும், தான் ஒருநாளும் காதல் கனவு கண்டவள் அல்ல என்கிறாள். இந்த இடத்தில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு ஆத்திரம். இது தன்னையே விற்கிற வேலை, படித்தவள் செய்வாளா என்று பொரிந்து தள்ளினாள். ஓட்டோத் தம்பி அவள் பக்கம். போஸ்ட்மாஸ்டர் ஐயா சார்லொட் பக்கம், ஆனால் "பெண்ணெண்டால் அனுசரிச்சுத்தானே" என்று அவர் தொடங்கியதால் அவருக்கு ஒருவரும் ஆதரவு கொடுக்கவில்லை.

எங்களோடு வருகிற ஒரு அக்காவுக்கு 36 வயது. அண்ணன்மார் இரண்டு பேரும் வெளியில். அப்பாவைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது, பொருந்தி வந்த குறிப்பை வேறு யாரோ குழப்பியது என்று வயது போய்விட்டது. வந்த நாள் முதல் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, உமக்கு 19. உமக்கு எலிசபெத் விளங்கும். எனக்குச் சார்லொட் விளங்குது." பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள்.

ஆஸ்டினின் கெட்டித்தனத்தை நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கண்டேன். சார்லொட்டை அவர் திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச அத்தியாயம் தள்ளி எலிசபெத்தை அந்த வீட்டுக்கு விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். முன்பக்கம் நல்ல பெரிய அறை இருக்க, சார்லொட் ஏன் பின்பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று எலிசபெத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பிடிபடுகிறது. பின்பக்க அறையில் வடிவான காட்சி இல்லை என்பதால் புருசன் அந்தப் பக்கம் வரமாட்டார். தோட்டம் செய்வது உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்பிவிடவும் சார்லொட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கதிரை, ஒரு யன்னல், புருசன் வராத ஒரு அறை. ஒரு கலியாண வாழ்க்கையை இவ்வளவு சிக்கனமாக எழுதிய இடம் நான் வேறெங்கும் கண்டதில்லை. வயதான அம்மா ஒருவர், "நானும் குசினியை அப்பிடித்தான் வைச்சிருந்தனான்" என்றார். இதற்குப் பிறகுமா காதல் கதை என்கிறீர்கள்?

சரி, காதலும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல் நடனத்திலேயே டார்சி, இவளோடு ஆடும் அளவுக்கு இவள் வடிவில்லை என்று அவள் காதில் விழவே சொல்கிறான். அதை அவள் தன் சிநேகிதர்களிடம் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறாள், ஆனால் மறக்கவில்லை. 34ஆம் அத்தியாயத்தில் அதே ஆள் வந்து கேட்கிறான். உன் குடும்பம் என் தரத்துக்குக் குறைவு, இருந்தும் என்னால் முடியவில்லை என்று. காதலைச் சொல்லும்போதும் தடிப்பு இறங்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறாள். 10,000 பவுணை. அடுத்த நாள் காலை அவன் ஒரு நீண்ட கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். இந்த இடத்தோடுதான் நீங்கள் கேற்றைப் பூட்டினீர்கள். அடுத்த கிழமை வாசிக்க இருந்தது 36ஆம் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான்: ஒரு பெண் ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். முதல் முறை கோபத்தோடு, ஒரு சொல்லையும் நம்பாமல். மடித்து வைத்துவிட்டு அரை நிமிடத்தில் திரும்பவும் விரிக்கிறாள். ஒவ்வொரு வரியாகப் போகப் போக, தான் நல்லவன் என்று நினைத்த, டார்சியைக் குறைசொல்லித் திரிந்த விக்கம் என்ற படை அதிகாரி பற்றி உண்மையில் தனக்கு என்ன தெரியும் என்று யோசிக்கிறாள். இனிமையாகக் கதைத்தான், அவ்வளவுதான். ஆட்களை எடைபோடத் தெரியும் என்று தான் கொண்டிருந்த பெருமை எவ்வளவு பிழை என்று அவளுக்கே வெட்கம் வருகிறது. இந்த அத்தியாயத்தைப் பிறகு என் வீட்டு விறாந்தையில் வாசித்தோம். ஓட்டோத் தம்பி அன்று வரவில்லை. மூன்றாம் நாள் என்னைச் சந்தியில் இறக்கிவிடும்போது கேட்டார், கடிதத்தில் என்ன இருந்தது என்று. சொன்னேன். "எனக்கு ஒராள் வாட்ஸப்பில நீளமா எழுதினா நான் கடைசி வரியைத்தான் வாசிக்கிறனான் ரீச்சர்" என்றார். காசு வாங்க மறந்துவிட்டுப் போய்விட்டார், நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

இந்த நாவலில் எல்லாம் எங்களுக்குப் பொருந்துகிறது என்று சொல்ல வரவில்லை. மெரிட்டன் என்ற ஊரில் படை வந்து முகாம் போடுகிறது. சின்னப் பிள்ளைகள் சிவப்புச் சட்டையைப் பார்க்க ஓடுகிறார்கள். அதை வாசிக்கும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் அந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிட்டேன்.

சில இடங்கள் எங்களுக்கு அடியோடு ஒவ்வாதவை. டார்சியின் தாயும் லேடி கத்தரினும் சகோதரிகள். கத்தரின் தன் மகளை டார்சிக்குத்தான் என்று தொட்டிலிலேயே பேசி வைத்ததாகச் சொல்லிக்கொண்டு எலிசபெத்திடம் சண்டைக்கு வருகிறாள். வாசிப்பு அந்த இடத்தோடு நின்றுவிட்டது. "தாயின்ர சகோதரியின்ர பிள்ளையோ? அது தங்கச்சி முறையெல்லோ!" என்று அம்மாமார் எல்லோரும் ஒரே குரலில். மாமன் மகளென்றால் பரவாயில்லை, பெரியம்மா மகளைக் கட்டுகிறதா? அந்த ஒரு காரணத்துக்காகவே கத்தரின் தோற்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. எலிசபெத்தோ இந்த முறைக் கணக்கைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவர் கனவான், நானும் ஒரு கனவானின் மகள், எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்கிறாள். குலம், தரம் என்று வருகிற பெரிய மனுசிக்கு முன்னால், எந்த வாக்குறுதியும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நிற்கிறாள். அந்த இடத்தை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் யார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயாதான். அவருடைய மகளின் கலியாணத்தில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரியின் கதை எங்களுக்கு எதற்கு என்றும் உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். இந்த நாவலின் முதல் வடிவத்தை ஆஸ்டின் 1796இல் எழுதத் தொடங்கினார். வயது 20. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் இருந்து கொழும்பைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு முந்திய வருடமே கைமாறிவிட்டது. பிற்காலத்தில் அவருடைய கடைசித் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதியாக இந்தப் பக்கம் வந்து, 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கொலராவில் இறந்தார். அவர் அடக்கமாகி இருப்பது திருகோணமலையில். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்த மனுசியின் வீட்டு ஆள் ஒருவர் எங்கள் மண்ணுக்குள் படுத்திருக்கிறார். அதனால் ஆஸ்டின் எங்களவர் ஆகிவிட்டார் என்று சொல்லவில்லை. எங்களைப் பிடித்த நாடும் எங்களுக்குப் பிடித்த எழுத்தும் வேறு வேறு, இரண்டையும் நாங்கள் பிரித்துப் பார்க்கலாம்.

ஆஸ்டினின் வாழ்க்கையும் எங்களுக்குத் தெரியாத வாழ்க்கை அல்ல. கலியாணம் ஆகவில்லை. 1802 மார்கழியில் பெரிய வளவுக்கு வாரிசான ஒருவர் கேட்க, இரவு சம்மதித்துவிட்டுக் காலையில் மாட்டேன் என்றார். தகப்பன் போன பிறகு தாயும் அக்காவும் அவரும் சகோதரர்களின் உதவியில் இருந்தார்கள். 1809இல் பணக்கார அண்ணன் எட்வேர்ட் சோட்டனில் ஒரு வீடு கொடுத்தார். நாவலை முதலில் 1797இல் தகப்பன் ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டபோது பார்க்காமலே திருப்பிவிட்டார்கள். 16 வருடம் கழித்து வேறொருவர் போட்டார். ஆஸ்டின் 150 பவுண் கேட்டார், கிடைத்தது 110. உரிமையும் அதோடு போய்விட்டது. 41 வயதில் இறந்தார். எங்கள் கூட்டத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அண்ணன் தந்த வீட்டில இருந்துகொண்டு இவ்வளவு பகிடி விட்டிருக்கிறா" என்றார். எனக்கு இதைவிட நல்ல விமர்சனம் எழுத வராது.

இப்போது நீங்கள் கேட்கலாம்: விறாந்தையில்தானே நடக்கிறது, பிறகென்ன? அதற்குத்தான் இந்த மடல். விறாந்தைக்கு வந்த பிறகு பத்துப் பேர் ஆறாகிவிட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்கு வாசிகசாலை நடக்கிற தூரம், என் வீடு அப்படி அல்ல. யாராவது ஏற்றிவந்தால்தான் அவரைக் காணலாம். ஓட்டோத் தம்பிக்கு, ஒரு பொம்பிளை தனிய இருக்கிற வீட்டுக்கு ஞாயிறு ஞாயிறு போவதா என்று கூச்சம். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஓட்டம் வந்துவிட்டது என்கிறார். பிள்ளையின் தாய், வாசிகசாலை என்றால் விடுவேன், வீடென்றால் யார் யார் வருகினம் என்று கேட்கிறா. அவ கேட்பதில் பிழை இல்லை. எங்கள் ஊரில் கலியாணமாகாத பிள்ளையும் ஓட்டோப் பெடியனும் தனியாக இருக்கிற அக்காவும் வயதுபோன ஐயாவும் ஒரே மேசையில் இருந்து, சீதனத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் யாரை யார் கட்டலாம் என்பதைப் பற்றியும் வாய்விட்டுக் கதைக்க வேறு எந்த இடம் இருக்கிறது? கோயிலா? கலியாண மண்டபமா? இவர்கள் தங்களைப் பற்றிக் கதைக்கவில்லை. எலிசபெத்தையும் சார்லொட்டையும் பற்றித்தான் கதைத்தார்கள். அந்தத் திரை இருந்தபடியால்தான் கதைக்க முடிந்தது. அந்தத் திரைக்கு நாலு பேர் பார்க்கிற பொது இடம் வேண்டும். பேப்பர் பார்க்க வருகிறவர் ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிற இடம்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். பிள்ளைகள் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற அந்தரம் எனக்கும் உண்டு, அதில்தான் என் சோறும் இருக்கிறது. ஆனால் கேளுங்கள். 1981இல் எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல் எரிந்ததை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். எங்கள் நிர்வாகசபைகளும் விளக்கேற்றுகின்றன. எரிந்ததற்குள் நாவல்களும் இருந்திருக்கும், பாடப்புத்தகம் மட்டும் இருந்திருக்காது. விளக்கேற்றுகிற அதே கையிடம்தானே இந்த அலுமாரித் திறப்பும் இருக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு பின்னேரம் 4 முதல் 6 வரை கேற்றைத் திறந்து விடுங்கள். புலமைப்பரிசில் வகுப்புத் தொடங்கினால் நாங்கள் வெளி விறாந்தையில் இருப்போம். தேவையானால் அந்த வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் நானே காசில்லாமல் எடுக்கிறேன். மின்கட்டணத்துக்கு மாதம் ஒரு தொகை தர எங்கள் ஆட்கள் சம்மதித்திருக்கிறார்கள். அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்திருக்கும். எங்கள் ஊர் அலுமாரியில் மூன்றாம் தட்டில் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று படித்த முதுகுப் பெயர்களில் ஒன்று, மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்'. 1914இல் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், கலியாணத்துக்குள் நொந்துபோன பெண்ணைப் பற்றி நூறு வருடத்துக்கு முந்தியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து அதைத்தான் வாசிக்கப் போகிறோம். ஆங்கிலம் தெரியாதவர்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆஸ்டினின் 61 அத்தியாயமும் போன கிழமை முடிந்துவிட்டது. கை விரிக்கிற காட்சி கடைசி வரை வரவில்லை. "இல்லாட்டிப் பரவாயில்லை ரீச்சர், கடிதம் இருக்குத்தானே" என்றாள் பிள்ளை.

வருகிற ஞாயிறு 4 மணிக்குக் கேற்றடியில் நிற்போம். திறந்திருந்தால் உள்ளே வருகிறோம். போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்கு முழங்கால் நோ, அவருக்குக் கைப்பிடி உள்ள கதிரை ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை ரீச்சர்